இந்த மடிக்கணினியில் லினக்ஸ் ஓடுமா?

சென்ற கோடை விடுமுறையில் ஒரு நாள் மாலை, அடுத்த வீட்டு மாணவி ஒருத்தி மடிக்கணினி ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்தவள். பழைய கணினிகளைச் செப்பனிட்டு விற்கும் கடை ஒன்றில் அவளுடைய தந்தை அதை 14,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தார். பல மாதங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.

“சார், இதில் விண்டோஸ் 10 இருக்கிறது. விண்டோஸ் 11 ஏறாதாம். ‘லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், நன்றாக ஓடும்’ என்கிறார் கடைக்காரர். அப்பாவின் நண்பரோ, ‘லினக்ஸ் வேண்டவே வேண்டாம், வைஃபையே வராது’ என்கிறார். மூன்று நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். யார் சொல்வதை நம்புவது?” என்று கேட்டாள்.

“இருவரையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம், அம்மா. கணினியையே கேட்டுவிடுவோம்” என்றேன்.

இன்று பல வீடுகளில் இதே கேள்வி எழுந்துள்ளது. 2015-இல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. விரும்பிப் பதிவு செய்துகொண்டோருக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு உண்டு. ஆதரவு முடிந்தால் கணினி நின்றுவிடாது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும், ஏறத்தாழ 2017-க்குப் பிறகு வந்த செயலியையும் கேட்கிறது. ஆகவே, நல்ல நிலையில் இருந்தும் ஏராளமான கணினிகள் மேலே செல்ல வழியின்றி நிற்கின்றன. அவற்றுக்குத் திறந்திருக்கும் வழிகளுள் ஒன்று லினக்ஸ் போன்ற திறந்த மூல இயக்க அமைப்பு. அதைப் பணம் கொடுக்காமல் பெறலாம்; அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் தரலாம்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதிய செய்தியன்று. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ என்ற திறந்த மூல அமைப்பும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய அமைப்பு அது. ஆனால் அங்கே கணினியைத் தேர்ந்தவர்களே இரண்டையும் பொருத்திக் கொடுத்துவிட்டார்கள். கடையில் நாமே போய் ஒரு கணினியை வாங்கும்போது, பொருத்தம் பார்க்கும் வேலையும் நம்முடையதாகிறது. அதை எப்படிப் பார்ப்பது? இனி அதைத்தான் காணப்போகிறோம்.

மொழிபெயர்ப்பாளர் இல்லாத பாகம்

மடிக்கணினி ஒரே பொருள் போலத் தோன்றினாலும், அது பல நிறுவனங்கள் செய்த பாகங்களின் கூட்டம். செயலி ஒருவருடையது; வைஃபை அட்டை இன்னொருவருடையது; தொடுபலகை, கேமரா, ஒலிச் சில்லு எல்லாம் வேறு வேறு நிறுவனங்களுடையவை. அட்டைப்பெட்டியின்மேல் உள்ள பெயர் இவற்றை ஒன்றுசேர்த்தவரின் பெயர் மட்டுமே.

இந்தப் பாகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ‘மொழி’ பேசுகின்றன எனலாம். ஒரு வைஃபை அட்டையை விழிக்கச் செய்ய எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதவேண்டும் என்பது அந்த அட்டையைச் செய்தவருக்குத் தெரியும். இன்னொரு நிறுவனத்தின் அட்டைக்கு அந்த எண் வேறு. இயக்க அமைப்புக்கும் பாகத்துக்கும் இடையே நின்று மொழிபெயர்க்கும் நிரலுக்கு ‘டிரைவர்’ என்று பெயர்; தமிழில் ‘இயக்கி’ என்போம். இயக்கி இல்லையேல், எவ்வளவு விலையுயர்ந்த பாகமாயினும் வாய் பேசாமல் கிடக்கும்.

லினக்ஸின் பிறப்பே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1991-இல் ஃபின்லாந்தின் ஹெல்சின்கிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், அவ்வாண்டுத் தொடக்கத்தில் தாம் வாங்கிய 386 செயலி கொண்ட கணினிக்காக ஓர் இயக்க அமைப்பை எழுதத் தொடங்கினார். ஆகஸ்ட் 25-ஆம் நாள் அதைப் பற்றி அறிவித்தபோது, தம்மிடம் இருந்த வகை வன்தட்டைத் தவிர வேறெதிலும் அது ஒருவேளை என்றுமே இயங்காமல் போகலாம் என்றும் குறிப்பிட்டார். காரணம் மிக எளிது: அவரிடம் வேறு வன்தட்டு இல்லை!

பிறகு என்ன நடந்தது? வேறு வன்தட்டு வைத்திருந்த ஒருவர் அதற்கான இயக்கியை எழுதினார். வேறு பிணைய அட்டை வைத்திருந்தவர் இன்னொன்றை எழுதிச் சேர்த்தார். நாளடைவில் பாகங்களைச் செய்யும் நிறுவனங்களே தம் பொறியாளர்களைக் கொண்டு எழுதத் தொடங்கின. லினக்ஸின் உட்கருவுக்குக் ‘கெர்னல்’ என்று பெயர். இன்று அதன் மூல நிரல் 4 கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இயக்கிகளே.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். விண்டோஸில் பெரும்பாலான இயக்கிகளைப் பாகம் செய்தவரோ கணினி செய்தவரோ தருகிறார். லினக்ஸில் பெரும்பாலானவை கெர்னலுடனேயே சேர்ந்து வருகின்றன. ஆகையால் ஒரு பாகத்துக்கு இயக்கி கெர்னலில் ஏறிவிட்டதென்றால், கணினியின் உரிமையாளர் ஒன்றுமே செய்ய வேண்டாம். அது தானாக வேலை செய்யும். ஏறவில்லையென்றால் தொல்லைதான்.

ஆக, ‘இந்தக் கணினி லினக்ஸுக்கு ஏற்றதா?’ என்ற கேள்விக்குச் சரியான பொருள் இதுவே: ‘இந்தக் கணினியின் ஒவ்வொரு பாகத்துக்கும், நான் போடப்போகும் லினக்ஸின் கெர்னலில் இயக்கி இருக்கிறதா?’ இதற்கும் விலைக்கும் நேரான தொடர்பு இல்லை. சில வேளைகளில் தொடர்பு தலைகீழாகவும் இருக்கும். இந்த மாதம் வெளிவந்த விலையுயர்ந்த கணினியின் புதுப் பாகங்களுக்கு இயக்கி இன்னும் ஏறியிராது. நான்கைந்து ஆண்டுப் பழைய மலிவுக் கணினியில் எல்லாமே ஓடும்.

நண்பர் சொன்னது பொய்யா?

அப்படியானால் ‘வைஃபையே வராது’ என்று சொன்ன நண்பர் தவறான செய்தியைப் பரப்பினாரா? அதையும் விசாரித்தோம். அவர் 2019-இல் ஒரு மலிவு மடிக்கணினி வாங்கி, அதில் லினக்ஸ் போட்டுப் பார்த்திருக்கிறார். அதில் இருந்தது ரியல்டெக் நிறுவனத்தின் ‘8821 சி.இ.’ என்ற வைஃபை சில்லு. அக்காலத்து மலிவுக் கணினிகள் பலவற்றில் அது இடம்பெற்றிருந்தது. அதற்கான இயக்கி அப்போது கெர்னலில் இல்லை; வெளியிலிருந்து மூல நிரலைத் தேடி எடுத்து, நாமே தொகுத்துச் சேர்க்க வேண்டும். அதை இணையத்திலிருந்துதானே எடுக்க வேண்டும்? இணையத்துக்கோ வைஃபை வேண்டும்! அவர் மனம் வெறுத்துப்போனதில் வியப்பில்லை.

ஆனால் 2020 அக்டோபரில் வெளிவந்த 5.9 கெர்னலில் அந்தச் சில்லுக்கு ஆதரவு சேர்க்கப்பட்டுவிட்டது. அதே கணினியில் இன்றைய லினக்ஸ் ஒன்றைப் போட்டால் வைஃபை வருவதற்கே வாய்ப்பு அதிகம். நண்பர் கண்டது உண்மை. ஆனால் அது அந்தக் கணினிக்கும் அன்றைய கெர்னலுக்கும் உரிய உண்மை. நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் என்று சொல்லும்போது, எந்த அழுத்தத்தில் என்றும் சேர்த்துச் சொல்கிறோம் அல்லவா? அதுபோலத்தான் இதுவும்.

இதில் இன்னொரு பாடமும் உண்டு. ஒரே மாடல் பெயருள்ள இரு கணினிகளிலும் ஒரே வைஃபை அட்டை இருக்கும் என்று சொல்ல முடியாது. கிடைப்பதற்கும் விலைக்கும் ஏற்ப, தயாரிப்பாளர்கள் உள்ளே பாகங்களை மாற்றிக்கொள்வதுண்டு. ஆகவே ‘என் மாமாவிடம் இதே மாடல் இருக்கிறது’ என்பது நல்ல குறிப்பு. முடிவான சான்று ஆகாது. கடையில் ‘டாஸ்’ என்று எழுதி, விண்டோஸ் இல்லாமல் குறைந்த விலைக்கு விற்கும் கணினியும் அவ்வாறே. விண்டோஸ் இல்லை என்பதால் லினக்ஸ் ஓடும் என்று ஆகிவிடாது.

பொருத்தம் வேறு, வேகம் வேறு

சோதனைக்குப் போகுமுன், விவரப் பட்டியலைப் பார்த்தே தெரிந்துகொள்ளக்கூடியவற்றைப் பார்த்துவிடுவோம்.

முதலாவது, செயலி. இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் 64 பிட் செயலிகளுக்கு லினக்ஸில் குறையே இல்லை. செலரான் போன்ற மலிவுச் செயலிகளும் அப்படியே. அவை மெதுவாக ஓடலாம், ஆனால் ஓடும். இவ்விரு நிறுவனங்களின் செயலியோடு இணைந்தே வரும் வரைகலைப் பகுதிக்கும் திறந்த மூல இயக்கி கெர்னலிலேயே உண்டு. தனியாக வரைகலை அட்டை இல்லாத மலிவுக் கணினிக்கு இது ஓர் ஆதாயம்தான். 32 பிட் செயலி மட்டும் கொண்ட மிகப் பழைய கணினியாயின் யோசிக்க வேண்டும். உபுண்டு ஏற்கனவே அதைக் கைவிட்டுவிட்டது. டெபியனும் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் அதற்கான நிறுவியை நிறுத்திவிட்டது. கைப்பேசிகளில் உள்ளதுபோன்ற ‘ஆர்ம்’ வகைச் செயலியுடன் வரும் மடிக்கணினிகளையும் இப்போதைக்குத் தொடாதிருப்பது நல்லது.

இரண்டாவது, ரேம் நினைவகம். லினக்ஸ் மின்ட் என்ற தொகுப்பு 2 ஜி.பி. போதும், 4 ஜி.பி. இருந்தால் வசதி என்கிறது. ஆனால் நினைவகத்தை மிகுதியாக உண்பது இயக்க அமைப்பு அன்று, இணைய உலவிதான். பத்துப் பக்கங்களை ஒருசேரத் திறந்துவைத்தால் 4 ஜி.பி. திணறும். மலிவுக் கணினிகள் பலவற்றில் ரேம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னால் கூட்ட முடியாது. ஆகவே வாங்கும்போதே 8 ஜி.பி. உள்ளதா, அல்லது கூட்ட இடம் உள்ளதா என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாவது, சேமிப்பகம். இங்கே கொஞ்சம் கணக்குப் போடலாம். பழைய மடிக்கணினிகளின் வன்தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 90 முறை. ஒரு சுற்றுக்கு 1/90 நொடி, அல்லது சுமார் 11 மில்லிநொடி. நமக்கு வேண்டிய தரவு படிப்பானுக்குக் கீழே வந்துசேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.5 மில்லிநொடி காத்திருக்க வேண்டும். படிப்பான் உரிய தடத்துக்கு நகர இன்னும் ஏறத்தாழ 10 மில்லிநொடி. ஆக மொத்தம் 15 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். சுழலும் பாகம் எதுவும் இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகத்தில் இதே வேலைக்கு 0.1 மில்லிநொடி அளவே ஆகும். ஒரு செயலியைத் திறக்க ஆயிரம் இடங்களில் சிதறிக்கிடக்கும் துண்டுகளைப் படிக்க வேண்டுமென்றால், வன்தட்டுக்கு 15 நொடி, எஸ்.எஸ்.டி.க்கு 0.1 நொடி!

‘லினக்ஸ் போட்டால் பழைய கணினி பறக்கும்’ என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் வன்தட்டோடு இருக்கும் கணினியில் எந்த இயக்க அமைப்பும் சுழற்சிக் காலத்தைக் குறைக்க முடியாது. அங்கே முதல் செலவு எஸ்.எஸ்.டி.யாக இருக்கட்டும். புதிய மலிவுக் கணினிகள் சிலவற்றில் 32 அல்லது 64 ஜி.பி. மட்டுமே கொண்ட ‘இ.எம்.எம்.சி.’ சேமிப்பகம் பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதில் லினக்ஸ் அடங்கும். ஆனால் விண்டோஸையும் லினக்ஸையும் ஒன்றாக வைத்துக்கொள்ள இடம் போதாது.

நிறுவாமலே ஓட்டிப் பார்க்கலாம்

இப்போது சோதனைக்கு வருவோம். லினக்ஸில் ஓர் அருமையான வசதி உண்டு. கணினியின் சேமிப்பகத்தில் நிறுவாமலே, பென்டிரைவிலிருந்து நேரே ஓட்டிப் பார்க்கலாம். இதை ‘லைவ்’ முறை என்பார்கள். அப்போது இயக்க அமைப்பு ரேமில் தங்கி வேலை செய்கிறது. கணினியை நிறுத்திப் பென்டிரைவை எடுத்துவிட்டால், பழையபடி விண்டோஸ் வந்துவிடும்.

ஆனால் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. கணினியில் ஏற்கனவே உங்கள் படங்களும் பாடக் குறிப்புகளும் இருந்தால், முதலில் அவற்றை வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள். இன்னொன்றும் முக்கியம். அண்மைக்கால விண்டோஸ் கணினிகள் பலவற்றில் சேமிப்பகம் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். உரிமையாளருக்கே அது தெரிந்திராது. தொடக்க அமைப்புகளை மாற்றினால் விண்டோஸ் அடுத்த முறை 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண் பெரும்பாலும் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தேடித் தாளில் எழுதிவைத்த பிறகே மேலே செல்லுங்கள். எண் தொலைந்தால் கோப்புகளும் தொலைந்தன என்றே கொள்ள வேண்டும்.

தேவையானவை 8 ஜி.பி. பென்டிரைவ் ஒன்றும், தரவிறக்க, தொகுப்பைப் பொறுத்து ஏறத்தாழ 3 முதல் 6 ஜி.பி. வரை இணையமும். லினக்ஸ் மின்ட், உபுண்டு, ஃபெடோரா ஆகியவற்றுள் ஒன்றின் படக்கோப்பை அதன் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து எடுங்கள். கோப்பு முழுதாக வந்துள்ளதா என்று பார்க்க, அத்தளத்திலேயே சரிபார்ப்பு எண் தந்திருப்பார்கள், ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். பிறகு ரூஃபஸ் அல்லது எட்சர் போன்ற நிரலைக் கொண்டு அதைப் பென்டிரைவில் எழுத வேண்டும். பென்டிரைவில் முன்பிருந்தவை அழிந்துவிடும் என்பதை மறவாதீர்கள். அதைச் செருகிக் கணினியைத் தொடக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளுள் ஒன்றை அழுத்தினால், எதிலிருந்து தொடங்குவது என்ற பட்டியல் வரும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். லைவ் முறையில் வந்ததும் ‘நிறுவு’ என்ற படத்தை மட்டும் தொடாதீர்கள்.

செய்து பாருங்கள்

கீழ்க்கண்ட சோதனைகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு பத்திகள் போடுங்கள்: லினக்ஸ், விண்டோஸ்.

1. வைஃபை: வீட்டு இணைப்போடு சேர்கிறதா? அடுத்த அறைக்குப் போனாலும் நிலைக்கிறதா? அரை மணி நேரம் விடாமல் பாருங்கள்.
2. ஒலி: ஒலிபெருக்கி, காதொலிப்பான் துளை, ஒலிவாங்கி மூன்றும்.
3. கேமரா: படம் வருகிறதா?
4. தொடுபலகை: இரு விரலால் பக்கம் நகர்கிறதா?
5. திரை: ஒளியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் வேலை செய்கின்றனவா?
6. புளூடூத்: கைப்பேசியைக் காண்கிறதா?
7. எல்லா யு.எஸ்.பி. துளைகளும், வெளித்திரை இணைப்பும்.
8. சேமிப்பகம்: கணினியின் உள் சேமிப்பகம் லினக்ஸுக்குத் தெரிகிறதா? தெரியாவிட்டால் நிறுவவே முடியாது.
9. தமிழ்: தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்து ஒரு பத்தி தட்டச்சு செய்யுங்கள்.
10. உறக்கம்: மூடியை மூடி, ஒரு மணி கழித்துத் திறங்கள். விழித்ததா? வைஃபை மீண்டும் சேர்ந்ததா? மின்கலம் எத்தனை விழுக்காடு குறைந்தது? (பென்டிரைவை இடையில் எடுக்கக் கூடாது.)

எதற்கு இரண்டு பத்திகள்? ஆய்வகத்தில் இதைக் ‘கட்டுப்பாட்டுச் சோதனை’ என்போம். ஒலிவாங்கி லினக்ஸில் வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸிலும் வேலை செய்யவில்லையென்றால், பாகமே பழுது. கடைக்காரர் மாற்றித் தரவேண்டும். விண்டோஸில் வேலை செய்து லினக்ஸில் மட்டும் செய்யாவிட்டால், இயக்கிதான் குறை. கடைக்காரரைக் குறைகூறிப் பயனில்லை. இரண்டாம் பத்தி இல்லாமல் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

இயக்கிதான் குறை என்று தெரிந்தால் உடனே கைவிட வேண்டாம். இன்னும் புதிய கெர்னல் கொண்ட வேறொரு தொகுப்பைப் பென்டிரைவில் எழுதி, மீண்டும் ஒருமுறை பாருங்கள். பாகத்தின் அடையாள எண்ணைக் கொண்டும் தேடலாம். கணினிக்குள் உள்ள ஒவ்வொரு பாகமும் தன்னைச் செய்த நிறுவனத்தின் எண்ணையும் தன் எண்ணையும் கேட்டால் சொல்லும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. 1978-இல் அந்நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் 8086தான்! மாடல் பெயரைவிட இந்த எண்களைக் கொண்டு தேடினால் சரியான விடை கிடைக்கும்.

சோதனையில் ஒரு பிழைக்கும் இடம் உண்டு, அதையும் அறிந்திருங்கள். லைவ் முறையில் நிரல்கள் மெதுவாகத் திறந்தால், ‘லினக்ஸ் மெதுவானது’ என்று எழுதிவிடாதீர்கள். படிப்பது பென்டிரைவிலிருந்து அல்லவா? அந்தத் தாமதம் பென்டிரைவினுடையது. லைவ் முறை பாகங்களின் பொருத்தத்தை அளக்கும், வேகத்தை அளக்காது.

மின்கலக் கணக்கு

பத்தாவது சோதனையைப் பலரும் செய்வதில்லை. ஆனால் நாள்தோறும் பேருந்தில் பள்ளிக்குக் கொண்டுபோகும் கணினிக்கு அதுவே முக்கியம்.

மின்கலத்தின் கொள்ளளவு 42 வாட்-மணி என்று கொள்வோம். கணினி சராசரியாக 6 வாட் எடுத்துக்கொண்டால் 42 ÷ 6 = 7 மணி நேரம் ஓடும். ஏதோ ஒரு பாகத்தின் இயக்கி அதை ஓய்வுநிலைக்கு அனுப்பத் தவறி, 9 வாட் செலவானால்? 42 ÷ 9 = 4.7 மணி. எல்லாம் வேலை செய்வதுபோலவே இருக்கும்; ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் காணாமற்போயிருக்கும்.

உறக்கத்திலும் இதே கணக்குதான். ஒரு மணி உறக்கத்தில் 1 விழுக்காடு குறைந்தால், செலவான ஆற்றல் 0.42 வாட்-மணி; அதாவது 0.42 வாட் திறன். நல்ல உறக்கம். 10 விழுக்காடு குறைந்தால் 4.2 வாட், கணினி கண்ணை மூடிக்கொண்டு விழித்திருக்கிறது என்று பொருள்! அதைப் பையில் வைத்தால் சூடேறும். பள்ளிக்குப் போய்த் திறக்கும்போது மின்கலம் காலியாக இருக்கும்.

லினக்ஸில் மின்கலப் புள்ளிவிவரங்களைக் காட்டும் நிரலில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, செய்தபோது இருந்த கொள்ளளவு. மற்றது, இப்போது முழுதாக மின்னேற்றினால் கிடைக்கும் கொள்ளளவு. பழைய கணினி வாங்குவோர் இவ்விரண்டையும் கட்டாயம் ஒப்பிட வேண்டும்.

எதற்காகக் கணினி?

பாகங்கள் பத்தும் தேறினாலும் இன்னும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அதை நீங்கள்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்: ‘இதில் நான் என்ன செய்யப்போகிறேன்?’

கட்டுரை எழுத, கணக்குத்தாள் போட லிப்ரே ஆபீஸ் உண்டு. பைத்தான், சி++ போன்ற நிரல் மொழிகளைப் பயில லினக்ஸ் மிக வசதியானது. வடிவியலுக்கு ஜியோஜீப்ராவும், விண்மீன்களை அறிய ஸ்டெல்லேரியமும் கிடைக்கின்றன. கேரளத்து அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வியே திறந்த மூல இயக்க அமைப்பில்தான் நடைபெறுகிறது. அதற்கென ‘கைட்’ என்ற அரசு நிறுவனம் தனித் தொகுப்பே வெளியிடுகிறது.

ஆனால் வணிகவியல் படித்து டேலி பயில விரும்பும் மாணவரோ, பொறியியல் வரைபடத்துக்கு ஆட்டோகேட் கேட்கும் கல்லூரியில் சேரப்போகும் மாணவரோ அவசரப்படக் கூடாது. இவை லினக்ஸில் நேரடியாக ஓடுவன அல்ல. அத்தகையோர் இடம் இருந்தால் இரண்டு இயக்க அமைப்புகளையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். இல்லையேல் விண்டோஸ் 11 ஏறக்கூடிய கணினியாகவே பார்த்து வாங்குவது நல்லது. தனக்கு வேண்டிய நிரல் ஓடாத இயக்க அமைப்பு, இலவசமாயினும் செலவுதான்.

மூன்றாம் நாள்

அந்த மாணவி இரண்டு நாள் உட்கார்ந்து எல்லாச் சோதனைகளையும் செய்தாள். ஆறாம் தலைமுறை இன்டெல் செயலி, 8 ஜி.பி. ரேம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. கொண்ட கணினி அது. வைஃபை முதல் முயற்சியிலேயே சேர்ந்தது. ஒலி, கேமரா, தொடுபலகை, தமிழ் எல்லாம் தேறின. உறக்கத்தில் ஒரு மணிக்கு 1 விழுக்காடு.

தேறாதவை இரண்டு. நான் சொன்ன பட்டியலில் இல்லாத ஒன்றையும் அவள் சேர்த்துப் பார்த்திருந்தாள்: விரல்ரேகைப் படிப்பான். விண்டோஸில் அது வேலை செய்தது, லினக்ஸில் செய்யவில்லை. மடிக்கணினிகளில் லினக்ஸ் இயக்கி இல்லாமல் அடிக்கடி அகப்படும் பாகம் அதுதான். “கடவுச்சொல் போட்டுக்கொள்கிறேன், சார். அது எனக்குத் தேவையில்லை” என்றாள்.

மற்றொன்று மின்கலம். செய்தபோது 42 வாட்-மணி, இப்போது 24. அதாவது 57 விழுக்காடு. விண்டோஸிலும் பார்த்தாள், அங்கும் அதே எண்தான். ஆகவே குறை லினக்ஸில் இல்லை, மின்கலம் தேய்ந்திருந்தது.

மூன்றாம் நாள் தந்தையும் மகளும் நோட்டோடு கடைக்குப் போனார்கள். கடைக்காரர் இரண்டு பத்திகளையும் படித்துப் பார்த்தார். பேச்சு வளரவில்லை, வேறு மின்கலம் போட்டுக் கொடுத்தார். அன்று மாலையே மீட்பு எண்ணைச் சரிபார்த்து, கோப்புகளை நகலெடுத்து, லினக்ஸை நிறுவினோம்.

மறுவாரம் தந்தையின் நண்பர் வந்து பார்த்துவிட்டு, “என்னுடைய பழைய கணினியும் பரண்மேல்தான் கிடக்கிறது. அதையும் ஒருமுறை சோதித்துப் பாரேன், அம்மா” என்றாராம். அவள் நோட்டில் புதிய பக்கம் திருப்பி, இரண்டு பத்திகள் போட்டுக்கொண்டாள்.

உங்கள் வீட்டிலோ, உறவினர் வீட்டிலோ இப்படிப் பரண்மேல் கிடக்கும் கணினி ஒன்று இருக்கலாம். ஒரு பென்டிரைவும் ஒரு விடுமுறை நாளும் போதும். சோதித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.